குடி தாண்டி வந்த கல்

கோணாமலைக்குப் பொய் சொல்ல வராது. வெற்றிலை விற்கும்போதுகூட, கட்டுக்குள் வாடின இலை கிடந்தால் தானே உருவி எடுத்துக் காட்டிவிடுகிற ஆள். அப்படிப்பட்ட மனுசன்தான், பெற்ற மகளின் சிறுநீரகமே பறிபோகக்கூடிய ஒரு பதிலை டொக்டருக்கு முன்னால் இருந்து சொன்னார். அதுவும் மிகக் கவனமாக யோசித்து, விரல் மடித்து எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார்.

களுதாவளையில் அவருக்கு வெற்றிலைத் தோட்டம். கலியாணம் முடித்த நாளிலிருந்து, ஊர் வழக்கப்படி, மனைவி இலட்சுமிப்பிள்ளையின் வீட்டில்தான் இருந்தார். மட்டக்களப்பில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியாகத்தான் வரும். தாய் எந்தக் குடியோ, பிள்ளையும் அந்தக் குடி; தகப்பன் வேறு குடி. கோயிலில் தங்கள் குடிக்குரிய திருவிழா நாளில் இலட்சுமிப்பிள்ளையும் மகள் மேனுகாவும் முன்னுக்கு நிற்பார்கள். கோணாமலை பின்னுக்கு நின்று கும்பிட்டுவிட்டு வருவார். அவருடைய தகப்பனும் அப்படித்தான் நின்றவர். இதில் குறைபட என்ன இருக்கிறது?

கல்லு வருத்தம், அதாவது சிறுநீரகத்தில் கல் கட்டும் நோய், அவருக்குச் சுனாமிக்குப் பிறகு வந்தது. கடல் வந்து போனபின் கிணறெல்லாம் உப்பு, கொடியெல்லாம் கருகல். பள்ளிக்கூட முகாமுக்குப் பவுசர் வண்டியில் வந்த தண்ணீரை மனைவிக்கும் பிள்ளைக்கும் விட்டுவிட்டு, பகல் முழுக்கத் தோட்டத்தில் மண் வாரிக்கொண்டிருந்தவர், ஒருநாள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். முகாமுக்கு வந்த டொக்டர்தான் கல் என்று சொன்னார். இரண்டு நாளில் அது தானாக இறங்கிப் போயிற்று. கடல் உப்புத்தான் உள்ளுக்குள் கட்டிப்போனது என்று காரணத்தைக் கோணாமலையே கண்டுபிடித்துக்கொண்டார். அதன்பிறகு வருசத்துக்கு ஒருதரமாவது குத்தும். நீர்முள்ளி அவித்துக் குடிப்பார்; அடங்கிவிடும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரையில் மேனுகாவுக்கு வயிற்றுக்குத்து தொடங்கியது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மட்டக்களப்பு டவுனில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் அம்ஜத்திடம் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் காத்தான்குடி முஸ்லிம் பொடியன், நிதானமாக விசாரிக்கிற டொக்டர்.

"புள்ளட குடும்பத்துல ஆருக்கும் கல்லு வருத்தம் இரிக்கா?" என்று அவர் கேட்டார்.

கோணாமலை யோசித்தார். இலட்சுமிப்பிள்ளை, அவளுடைய தாய், தாயின் தாய், மாமன்மார் மூன்று பேர், பெரியம்மா, சின்னம்மா. ஒரு ஆளையும் விடவில்லை.

"ஒருத்தருக்கும் இல்ல, டொக்டர்."

பிள்ளை காலையில் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் டொக்டர் முதலில் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து கொடுத்தார். கேட்காவிட்டால் மூன்று கிழமையில் திரும்ப வரச் சொன்னார். கேட்கவில்லை. போதாததற்கு இடைக்கிடை காய்ச்சலும் குளிரும் வந்தன.

திரும்பப் போன நாள், வைகாசியில் வன்னிச் சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன நாள். ரோட்டில் எங்கேயோ வெடி கொளுத்தினார்கள். சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. முன்னுக்கு நின்ற ஒரு மனுசிக்கு வன்னியில் மகன் இருந்தானாம். அவன் உயிரோடு இருக்கிறானா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கொண்டுபோன ஒரு போத்தல் தண்ணீரையும் கோணாமலை மேனுகாவுக்கே கொடுத்தார்.

டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் போய் இருந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கே குத்தத் தொடங்கிவிட்டது. மகளைக் காட்ட வந்தவர் மகளின் காலடியில் சுருண்டு கிடந்தார். டொக்டர் ஓடிவந்து ஊசி போட்டு, நோவு தணிந்தபின் கேட்டார்.

"என்ன அண்ணன் இது?"

"இது ஒண்டுமில்ல டொக்டர். என்ட பழைய கல்லு."

"கல்லா? அண்டைக்குக் கேட்டன்தானே, குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்லெண்டு சொன்னீங்களே?"

"ஓம், அது தாய்ட ஆக்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. நான் வேற குடிதானே?"

டொக்டர் அடுத்ததைக் கேட்டார். "உங்கட அப்பாவுக்கு?"

"அவருக்கு இடுப்புக்குத்து. கடைசியில மூத்திரம் அடைச்சுத்தான் செத்தவர். ஆனா அவரும் என்ட குடியில்ல, டொக்டர்."

வேறு ஊர் டொக்டர் என்றால் கத்தியிருப்பார். அம்ஜத்துக்கு விசயம் உடனே விளங்கிற்று. "எங்கட ஊரிலயும் குடி உம்மாட பக்கம்தான், அண்ணன். ஆனா வருத்தத்துக்குக் குடி தெரியாது. நான் அப்பாட பக்கத்தையும் வேறயாக் கேட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, ஸ்கேனுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் எழுதினார்.

மேனுகாவின் வலது சிறுநீரகத்துக்குக் கீழே குழாயில் கல் இறுகி, மேலே எல்லாம் வீங்கிப்போயிருந்தது. ஒப்பரேசன் செய்து எடுத்தார்கள். சிறுநீரகம் தப்பியது. இன்னும் ஒரு மாதம் சுணங்கியிருந்தால் தப்பியிராது என்று ஆஸ்பத்திரியில் கோணாமலையிடம் சொன்னார்கள். இலட்சுமிப்பிள்ளை அவரை ஏசவில்லை. தன்னிடம் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

மேனுகாதான் விடவில்லை. எழும்பி இருந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாள், தகப்பனை நேரே பார்த்துக் கேட்டாள்.

"என்ட குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்லெண்டு சொன்னீங்களே. அப்ப நீங்க எனக்கு ஆரு, அப்பா?"

பகிடியாகத்தான் கேட்டாள். கோணாமலைக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. பதினைந்து வருசமாகத் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்குத் தான் ஆரென்று ஒருநாளும் யோசித்ததில்லை. வார்ட்டில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அப்பா, மகளே," என்றார், "நான் உன்ட அப்பா."