காளைகள் பழகிய கீர்த்தனை

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் மாடும், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையும்தான். அன்னூருக்குக் கிழக்கே ஒரு பண்ணாடியின் தோட்டத்தில் வேலை. நிலத்துக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் இருந்த குடிசையும் அவர் நிலத்தில்தான். ஞானஸ்நானம் எடுத்தபின் அவரிடம் நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை உச்சிவரை ஆராதனைக்குப் போய்வருவது. அதையும் குடிசையையும் எந்த நேரத்தில் பிடுங்கிக்கொள்வாரோ என்ற பயம் எனக்குச் சோற்றோடு சேர்ந்தே உள்ளே போகும்.

கவலை இறைக்கிறவன் பாடவேண்டும். பாட்டின் முதல் அடிக்குக் காளைகள் சரிவில் இறங்கும். கிணற்றிலிருந்து தோல்சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். இரண்டாம் அடிக்கு அவை பின்பக்கமாகவே நடந்து ஏறும். சால் கீழே போகும். பிள்ளையாரைப் பாடித் தொடங்குவது வழக்கம். நான் அதை விட்டுச் சபையில் கற்ற ஒரு கீர்த்தனையைப் பாடினேன். காங்கேயத்திலிருந்து வந்த இளங்காளை ஜோடியைப் பழக்கியதும் அதைப் பாடித்தான்.

மாசி பிறந்ததும் பண்ணாடி காலையில் வேப்பமரத்தடிக்கு வரத் தொடங்கினார். கயிற்றுக்கட்டிலில் உட்காருவார். வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். மெல்லுவது வெற்றிலையா, என் மேல் உள்ள கோபமா? கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தான் என்று பக்கத்து ஊரில் ஒருவனைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டதாக வேறு கேள்விப்பட்டிருந்தேன்.

"நம்மளத் தொரத்தறதுக்குச் சாக்குத் தேடறாரு," என்றேன் மனைவியிடம்.

"நெழல்ல ஒரு மனுசன் உக்காந்தா அதுவும் குத்தமுங்களா? சந்தைக்குப் போனா, கோழி உங்களையே மொறைக்குதும்பீங்க," என்றாள்.

அவளுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். பங்குனியில் ஒரு புதன்கிழமை, அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் பிள்ளையார் பாட்டை எடுத்தேன். அதன் அடிகள் குட்டை. கீர்த்தனையின் நீளத்துக்குப் பழகிய காளைகள் குழம்பிப்போய்ப் பாதிச் சரிவிலேயே பின்வாங்கின. சால் மேலே வராமல் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போனது. மூன்று முறை அப்படியே.

பண்ணாடி எழுந்து வந்தார். "ஏன்டா, அந்தப் பாட்ட ஏன் உட்டுப்போட்ட?"

"எந்தப் பாட்டுங்க பண்ணாடி?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"உங்க சாமி பாட்டுத்தான். நீ இல்லாத ஞாயித்துக்கெழமையானா இது ரெண்டும் என்ற பேச்சக் கேக்கறதில்ல. நானே படிச்சுக்கலாம்னு ஒரு மாசமா வந்து உக்காந்திருக்கறேன். ரெண்டாவது அடி வாயில நிக்கமாட்டீங்குது. மறுக்காப் பாடு."

பாடினேன். ஆறுதல் வரவில்லை. பாட்டும் அவர் வாய்க்குப் போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், பேதுரு பயந்துபோய் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததைப் பற்றிப் பிரசங்கித்தார். புதன்கிழமை நடந்ததை யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் திரும்பி வரும்போது கிணற்றடியில் பண்ணாடியின் குரல் கேட்டது. வேலிக்கு இந்தப்புறம் நின்றேன். ஆண்டவர் பெயர் வரும் இடத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான். அந்த இடம் வந்தது. வாயை மூடிக்கொண்டு ம்ம் என்று இழுத்தார். காளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சால் நிறைந்து வந்து கொட்டியது. எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவர் ஒரு பெயரைத்தான் விட்டார். நான் முழுப்பாட்டையும் விட்டவன். வேலியைத் தாண்டிப்போய் என்னவென்று கேட்பது?

அவரே பார்த்துவிட்டார். "வந்துட்டயா? வா, கயித்தப் புடி. தொண்ட கட்டிப்போச்சு. வாரத்துக்கு ஒருக்காத்தான்டா என்னால முடியும்."

கயிற்றை வாங்கினேன். குடிசையும் ஞாயிறும் அன்றைக்குத் தப்பின. அந்தப் பெயரைக் கொஞ்சம் உரக்கவே பாடிவிட்டு, ஓரக்கண்ணால் அவர் போய் உட்கார்ந்த வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.