வியாழக்கிழமை எண்ணிய வண்டிகள்

புனே பக்கத்துப் போசரியில் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. வங்கிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. என் கணவருக்குத் தொழிற்சாலை வேலை, எனக்கு அப்போது வங்கி வேலை. ஆகவே எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு விடுமுறைகள் உண்டு. இரண்டும் ஒரே நாளில் வந்ததே இல்லை. வியாழனன்று அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும்போது நான் பேருந்தில் நின்றுகொண்டிருப்பேன். ஞாயிறன்று நான் சாவகாசமாகச் செய்தித்தாளை விரிக்கும்போது அவர் லேத்துக்கு முன்னால் நிற்பார். இதையெல்லாம் தினமும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். நாள், கிழமை, மணி இல்லாமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. இந்தப் பெருமையோடுதான் கதை தொடங்குகிறது.

நான் விருப்ப ஓய்வு பெற்ற மறு வருடம், எங்கள் தெருமுனையில் இருந்த பழைய கிடங்கை இடித்துவிட்டு நான்கு மாடி வணிக வளாகம் கட்டப்போவதாக ஒரு பலகை வைத்தார்கள். மாநகராட்சி அலுவலகத்தில் திட்டத்தைப் பார்க்கலாம், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்று மராட்டியில் எழுதியிருந்தது. எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே நல்ல கடை வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் பாய் வந்து நின்றார்.

பாய் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எங்கள் தெருவில் காலை ஆறு மணி முதல் பத்து வரை இட்லிக்கடை நடத்துகிறார். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கடையோரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, நின்றபடியே நாலு இட்லியை முடித்துக்கொண்டு கிளம்புவார்கள். மொத்த வியாபாரமும் அந்த வண்டிகளை நம்பித்தான்.

"அக்கா, அந்தக் கட்டடத்துக்கு வர்ற காரெல்லாம் நம்ம தெரு வழியாத்தான் வெளிய போகுமாம். அதனால தெருவுல யாரும் வண்டி நிப்பாட்டக் கூடாதுன்னு போர்டு வைக்கப் போறாங்களாம். உண்மையா?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். வளாகத்தால் போக்குவரத்துக்கு என்ன பாதிப்பு வரும், எத்தனை வண்டிகளுக்கு இடம் வேண்டும் என்று மும்பை நிறுவனம் ஒன்று தயாரித்த தடிமனான அறிக்கை அங்கே இருந்தது. காலையில் எங்கள் தெரு கிட்டத்தட்ட காலியாக இருக்கிறது, எனவே கார்களை இந்தப் பக்கம் வெளியே விடுவதில் சிரமம் இல்லை, இருபுறமும் வண்டி நிறுத்தத் தடை போட்டால் போதும் என்பது அதன் முடிவு.

"ரெண்டு மாசம் தாங்கும்க்கா" என்றார் பாய். "அப்புறம் சட்டியத் தூக்கிட்டு ஊருக்குத்தான். மக இங்க பன்னெண்டாவது படிக்குது. அதுக்கு மராட்டி வர்ற அளவுக்குத் தமிழ் வராது. அங்க போயி என்ன செய்யும்?"

அறிக்கையை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வந்து மூன்று நாள் உட்கார்ந்தேன். எல்லாக் கூட்டலையும் திரும்பப் போட்டேன். ஒரு எண்கூடத் தப்பாக இல்லை. அவர்கள் எங்கள் தெருவில் வண்டிகளை எண்ணிய தேதிக்கு என்ன கிழமை என்று நாட்காட்டியில் பார்த்தேன்: வியாழன். திங்களையும் வெள்ளியையும் தவிர்த்து வாரத்தின் நடுவில் எண்ண வேண்டும் என்று இது பற்றி நான் படித்த புத்தகங்களும் சொல்லியிருந்தன. ஓரத்தில் 'வியாழன், சரி' என்று பென்சிலால் குறித்தேன். பாயிடம் போய் வழியில்லை என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

அன்று மாலை கணவர் டீயோடு என் பின்னால் வந்து நின்றார். அவர் கோயம்புத்தூர்க்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"என்னைக்கு எண்ணினானாமா?"

தேதியைச் சொன்னேன். வியாழன் என்றும் சொன்னேன்.

"வெசாளக்கெழமையா? ஏம்புள்ள, அன்னைக்குத் தெருவுல நாய்கூட எந்திரிச்சிருக்காதே."

என் பென்சில் குறியை மறுபடி பார்த்தேன்.

"நானே தூங்கிட்டுத்தான் இருந்திருப்பேன். உன்ற டைரியப் பாரு."

பார்த்தேன். 'இவர் 9.10க்கு எழுந்தார்' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"உன்ற பேங்க்குக்கு அது வேலைநாளு. அதான் டிக் போட்டுட்டே" என்று சொல்லிவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே டிவி பக்கம் போனார். இத்தனை வருடம் வியாழக்கிழமைக்காரரோடு குடித்தனம் நடத்தியும் நான் அந்தக் கிழமைக்குச் 'சரி' போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

ஒரே பக்கத்தில் ஆட்சேபம் எழுதினேன். விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி உள்ளூர்க்காரர். தாளைப் படித்துவிட்டு, மும்பை நிறுவனத்திலிருந்து வந்திருந்தவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"போசரியில் வியாழக்கிழமையா எண்ணினீர்கள்?" என்று மராட்டியில் கேட்டார்.

"வார நடுவில் எண்ணச் சொல்லி விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது சாகேப்."

"புத்தகம் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறது?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், மும்பைக்காரரும் சிரித்துவிட்டார். வளாகத்துக்கு வரக்கூடிய கார்களை ஞாயிறு மாலைக் கூட்டத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இங்கே குடும்பத்தோடு கடைக்குப் போகும் நாள் வியாழன் என்பதையும் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி எண்ண உத்தரவானது.

அந்தச் செவ்வாயன்று காலை ஆறே முக்காலுக்குத் தெருவில் இறங்கினேன். எண்ண வந்த பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் அட்டையும் எண்ணும் கருவியுமாக உட்கார்ந்திருந்தாள். பாய் கடையில் வழக்கமான கூட்டம். ஆனால் வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. எல்லாரும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

"பாய், வண்டியெல்லாம் எங்க?"

"பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி போடச் சொல்லிட்டேங்க்கா." அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "எண்ண வர்ற அன்னைக்கு நம்ம வாசல் துப்புரவா இருக்க வேணாமா?"

"தெருவுல வண்டி இல்லன்னுதானே பாய் காரை இங்க விடுறாங்க. இருந்தாத்தான் நமக்கு நல்லது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "அல்லாவே. அப்ப ஓடிப்போய் எடுத்தாரச் சொல்லவா? ஆளுக்கு ரெண்டு ரவுண்டு சுத்தினாக்கூட நல்லதுதானே?"

"அதுவும் வேணாம். உள்ளது உள்ளபடி இருக்கணும்."

எண்ணும் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைக் 'காக்கூ' என்று அழைத்தாள். இங்கே என் வயதுப் பெண்களுக்கெல்லாம் அதுதான் பெயர். "எங்கே போனாலும் அதிகமாகக் காட்டத்தான் பார்ப்பார்கள் காக்கூ. ஒளித்து வைத்தவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மேலாளருக்குப் போன் செய்து, கொஞ்சம் திட்டு வாங்கினாள். இன்றைய எண்ணிக்கை செல்லாது, வேறொரு நாள் சொல்லாமல் வருவோம் என்றாள்.

"என்றைக்கு?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"அதைச் சொன்னால் மறுபடி பெட்ரோல் பங்குதான்."

ஒரு நாள் வரப்போகிறது, அதன் தேதி எனக்குத் தெரியாது. அடுத்த நாட்களில் விடிவதற்கு முன்பே எழுந்து மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதும், நாற்காலி இல்லாத தெருவைக் கண்டு காப்பி போடப் போவதுமாக இருந்தேன். அடுத்த வாரச் செவ்வாயன்று நாற்காலி வந்துவிட்டது.

அன்று தெரு வழக்கமான தெருவாக இருந்தது. கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. அவற்றுக்கு நடுவே பைக்குகள் நுழைந்தன, பாயின் வாசல் நிரம்பியது. நான் அந்தப் பெண்ணுக்கு இட்லி வாங்கிப் போனேன். ஒரு பேருந்தை மூன்று கார்களாகவும் ஒரு பைக்கை அரைக் காராகவும் கணக்கில் எடுப்பார்கள் என்று அவள் சொன்னதைத் திரும்பி வந்து கடையில் சொன்னேன்.

சாம்பாரில் வடையை முக்கிக்கொண்டிருந்த கனத்த மனிதர் ஒருவர் நிமிர்ந்தார். "நான் வந்தாலும் அரைதானா பாய்?"

"வண்டியில இருக்குற வரைக்குந்தான் அரை" என்றார் பாய். "எறங்கிட்டா நீ பஸ்ஸுப்பா."

சில வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. கார்கள் வெளியேறும் வாசல் பெரிய சாலைப் பக்கம் போயிற்று. வளாகத்துக்குக் கீழே இன்னொரு தளம் வண்டி நிறுத்த ஒதுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவுக்குத் தடை இல்லை. பாய்க்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. காகிதத்தில் எழுதியதைக் காகிதத்திலேயே மாற்றிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

பிறகு ஒரு காலையில் பாயின் மகள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "ஆன்ட்டி, ரோட்ல பெயின்ட் போட வந்துட்டாங்க. வாப்பா கூப்பிடுறாங்க."

தலையைக்கூட வாராமல் ஓடினேன். கடைக்கு முன்னால் இரண்டு பேர் நூல் பிடித்து வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் அடுப்பை அணைத்துவிட்டு, தட்டுகளைக்கூட அடுக்கி வைத்துவிட்டு நின்றார். தெருவில் எட்டுக் கட்டங்கள் வந்திருந்தன. ஓரத்தில் தகர அச்சை வைத்து எழுத்து அடித்துக்கொண்டிருந்தான் ஒருவன். முழுவதும் வரும்வரை காத்திருந்தோம். மகள்தான் முதலில் படித்தாள். "ரெண்டு சக்கர வண்டி நிறுத்துற இடம்னு போட்டிருக்கு வாப்பா. நம்ம வண்டிங்களுக்குத்தான்."

பாய் அவளை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கட்டங்களைத் தாமே விரல்விட்டு எண்ணினார். அடுப்பைப் பற்ற வைத்தார். முதல் தட்டு பெயின்ட் அடித்தவர்களுக்குப் போயிற்று.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவன் முன்சக்கரத்தைக் கோட்டுக்கு அருகே கொண்டுவந்தான்.

"டேய், காயட்டும்டா" என்று பாய் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "எவன் மொதல்ல ஏத்துறானோ அவனுக்கு இட்லி கெடையாது."

வண்டிகள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. எல்லாரும் இருக்கையில் உட்கார்ந்தபடியே தட்டை வாங்கி, வெள்ளை காய்வதைப் பார்த்துக்கொண்டு தின்றார்கள்.