லோரிங்கின் சிவப்பு

அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலக் கரையில் எல்ப்ரிட்ஜ் டீல் முப்பது வருஷமாகக் கூடு போட்டுச் சிங்கி இறால் பிடிக்கிறார். கூடு கிடக்கும் இடத்தைக் காட்ட மேலே மிதக்கும் கட்டைக்கு ஆளுக்கொரு நிறம் உண்டு. அவருக்குப் பச்சை, பக்கத்து வீட்டு லோரிங்குக்குச் சிவப்பு. ஒருவர் நிறம் இன்னொருவர் கடலில் தெரிந்தால் கயிறு அறுபடும், பேச்சும் அறுபடும்.

இந்த 1914 கோடையில் நியூயார்க்கிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் பாறைமேல் உட்கார்ந்து, எல்ப்ரிட்ஜ் கூடு போடும் குடாவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பாறை ஊதா, அலை மஞ்சள், வானம் ஆறிப்போன கஞ்சி. எட்டிப் பார்த்த எல்ப்ரிட்ஜ் அதற்கெல்லாம் வாயே திறக்கவில்லை. பச்சைக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும்தான் குதித்தார்.

“யோவ், லோரிங் கட்டைக்கு என் கடல்ல என்னய்யா வேலை?”

“அது கட்டையே இல்லீங்க. பச்சைக்குப் பக்கத்துல சிவப்பு இருந்தா எடுப்பா இருக்குமேன்னு வச்சேன்.”

“எடுப்பாவா? நானே எடுக்கறேன் பாரு!”

கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். காயாத சிவப்பு, படத்துக் கடலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் இழுபட்டது.

எல்ப்ரிட்ஜ் தலையில் கைவைத்தார். நெற்றியும் சிவந்தது.

“போச்சுடா! மொத்தக் கடலையும் அந்தப் பயலுக்கு நானே எழுதிக் குடுத்துட்டேனே!”