அம்மா வரைந்த நைனா

பேத்தியின் அறையில் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை வந்ததும் சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துக் கூடம் கண்முன் வந்து நின்றது. வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கோடை விடுமுறையில் சனிக்கிழமைதோறும் அங்கே பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். அங்கு வந்த பெண் அவள் ஒருத்திதான்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இது பிடிக்கவில்லை. "புள்ள பெத்தவ, பலகைய வச்சிக்கினு படம் போடப் போறியா? நாலு பேரு சிரிப்பாங்க" என்பார். அம்மா விடியுமுன்பே சோறாக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

கடைசி சனிக்கிழமை எல்லாருடைய படங்களையும் சுவரில் மாட்டினார்கள். நைனா வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தோம். கூட்டத்தில் அவர் தலை தெரிந்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வரைந்திருந்தது நைனாவைத்தான். அதில் சவரம் செய்யாத முகமும் லேசாகத் திறந்த வாயுமாகச் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நைனா படத்தைக் குனிந்து பார்த்தார்.

"நானு இப்பிடியா தூங்கறேன்?"

"இப்பிடித்தான்" என்றாள் அம்மா.

அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு படத்தின் பக்கத்தில் போய் நின்றார். வந்தவர்களிடமெல்லாம், "நான்தான் இது. எம் பொண்டாட்டி போட்டது" என்று சொல்லிக்கொண்டு, சாயங்காலம் வரை அங்கிருந்து நகரவே இல்லை.