தெருவே சளி கொடுத்த காலை

பாக்கியம் போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை, நான் லேப் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. பேசியது அவருடைய மகள் கலா. "அம்மா போயிட்டாங்க சார். மூச்சு நின்னுபோச்சு" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள், "யாராவது ஹார்ட் அட்டாக்கான்னு கேட்டா ஆமான்னு சொல்லிடாதீங்க, நுரையீரல்தான்னு சொல்லுங்க" என்றாள். அந்த அழுகையிலும் அம்மாவின் பெண்தான்.

உங்களில் பலருக்குப் பாக்கியத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூருக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் அவருடையது. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்த பிறகு அந்தத் தெரு ஆண்கள் வயலை விட்டுக் கல்குவாரிக்குப் போனார்கள். காலையில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பாக்கியத்தின் கணவர் அங்கே வெடி வைக்கப் பாறையில் குழி அடித்தார், காசநோயில் செத்தார். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட பாக்கியத்துக்கும் நோய் தொற்றியது. ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார், ஆனால் நுரையீரலில் பாதி தழும்பாகிவிட்டது. பிறகு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் வேலைக்கு வந்தார். மிச்சமிருந்த நுரையீரலோடுதான் இத்தனை வருடம் எங்கள் எல்லோரோடும் சண்டை போட்டார்.

குவாரிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இருமினால் அது தூசி. தூசிக்கு மருந்து வெல்லம். சாயங்காலம் லாரியை விட்டு இறங்கியதும் கடையில் ஒரு கட்டி வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள், நெஞ்சில் படிந்ததை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. பாக்கியத்தின் கணவரும் ஒரு வருடம் தின்றார். "நானே வாங்கி வச்சுக் கொடுத்தேன் சார். கொடுத்துக் கொடுத்தே நாளைக் கடத்திட்டேன்" என்று பாக்கியம் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதனால் சாயங்காலமானால் அந்தக் கடையில் போய் நின்றுவிடுவார். வெல்லம் கேட்கிறவரிடம் எத்தனை நாளாக இருமல் என்று கேட்பார். வியாபாரம் கெடுகிறதென்று கடைக்காரர் முறைப்பார்.

குவாரியில் வேலை பார்த்த கோவிந்தனை அப்படித்தான் பிடித்தார். சளி டப்பாவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான் சோதித்து நோய் இல்லை என்று எழுதிவிட்டேன். மறுநாள் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். அந்த ஆள் கொடுத்தது சளியா எச்சிலா என்று பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. பயத்தில் வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். "மைக்ராஸ்கோப்புல பார்க்கிறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க சார்" என்றார். பதினைந்து வருட சர்வீஸ்காரனுக்குச் சுருக்கென்றது. மறுபடி ஆழமாக இருமிக் கொடுத்த சளியில் நோய் இருந்தது.

விஷயம் எப்படியோ குவாரிக்குப் போயிற்று. கோவிந்தனை லாரியில் ஏற்றவில்லை. இருமுகிறவன் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தெருவே பாக்கியத்தின் மேல் பாய்ந்தது. கோவிந்தனின் மனைவி அவர் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார். அதன் பிறகு ஒருவரும் டப்பாவைத் தொடவில்லை. இருமலை விழுங்கிக்கொண்டு லாரி ஏறினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பாக்கியம் கெஞ்சவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினார். "இருமுறவன் மட்டும் கொடுத்தாத்தானே யாருன்னு தெரியும்? எல்லாரும் கொடுங்க. தெருவையே வேலையை விட்டு நிறுத்தட்டும், பாப்போம்." முதலில் சரி என்றவர் மண் தூற்றிய அதே பெண்தான். ஒரு திங்கட்கிழமை, லாரி வருவதற்கு முன்னால், அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு டப்பாவோடு வாய்க்கால் கரையில் தள்ளித் தள்ளி நின்று இருமினார்கள். அந்த வாரம் முழுக்க நான் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். இன்னும் மூன்று பேருக்கு நோய் இருந்தது. அதில் இருவர் குவாரிப் பக்கமே போகாத பெண்கள்.

சளி கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்டு மேனேஜர் ஆள் அனுப்பினார். பாக்கியம் தெருவின் வாக்காளர் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். யாரையும் நிறுத்த முடியவில்லை. மருந்து சாப்பிட்டுத் தொற்று நின்ற பிறகு கோவிந்தனையும், மற்றவர்கள் அவர் இல்லாமல் லாரி ஏற மாட்டோம் என்று நின்றதால், லாரிகளை எடை போடும் மேடை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை பாக்கியத்தை எடுத்தோம். குவாரி மேனேஜர் பெரிய ரோஜா மாலையோடு வந்திருந்தார். கலா எழுந்து நின்றாள். "மாலை வேணாங்க. குழி அடிக்கிற இடத்துல தூசி பறக்காம தண்ணி அடிக்கச் சொல்லி அம்மா நாலு தடவை மனு கொடுத்தாங்க. அதைச் செஞ்சுட்டு வாங்க, வாங்கிக்கிறேன்" என்றாள். மேனேஜர் மாலையைக் கையில் பிடித்தபடியே திரும்பினார். கோவிந்தன் ஒதுங்கி, அவர் வெளியே போக வழி விட்டார்.

ஐந்தாவது மனுவை நேற்று நான் எழுதினேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது வேண்டாத வேலை என்கிறார்கள் நண்பர்கள். இத்தனை வருடம் நான் மருந்தை விட்ட நோயாளி மேல்தான் கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தைப் பிடித்துச் சரியான திசையில் திருப்பியவர் பாக்கியம். அதைத்தான் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். ஆற விடுவதாக இல்லை. மனு லேப் மேஜை மேல் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் வந்து போடுங்கள்.