துரை என்னைக் கடிக்கவில்லை

என் நோயின் முதல் அறிகுறி முழுக்கைச் சட்டை. சித்திரை வெயிலில் இராஜபாளையத்தில் முழுக்கை போடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, பைக்கில் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போகிறவர்கள். இன்னொன்று, எதையோ மறைக்கிறவர்கள். எனக்குப் பைக் ஓட்டத் தெரியாது. ஆனாலும் வீட்டில் சந்தேகம் வரப் பல வாரங்கள் பிடித்தன. "வெயில்ல கறுத்துருவோம்னு போட்டிருக்கா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் என்னை நானே காயப்படுத்திக்கொண்டிருந்தேன். எப்படி, எங்கே என்ற விவரமெல்லாம் இங்கே வராது. அதைத் தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இடது முன்கையில் தழும்புகள் இருக்கின்றன, எல்லாம் பழையவை, ஆறியவை.

இப்படித் தழும்பு உள்ள ஒருத்தி இரத்த தானம் செய்யலாமா என்பதுதான் இங்கே விஷயம். அந்தக் கேள்வியோடு செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காக எழுதுகிறேன். நானும் நோண்டியவள்தான். பாதிப் பேர் கூடவே கூடாது என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் தழும்பு மறையக் கற்றாழை தடவச் சொன்னார்கள்.

ஒருநாள் அம்மா என் கையைப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் அதற்கு மனச்சோர்வு நோய் (துக்கமும் வெறுமையும் வாரக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டு தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் கெடுப்பது) என்று பெயர் சொன்னார். நான் எனக்கு வைத்திருந்த பெயர் 'தண்டம்'. அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மரியாதையாக இருந்தது.

மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் (பயிற்சி பெற்ற ஒருவரிடம் உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேசிப் பேசிச் சிக்கலை எடுப்பது) தொடங்கின. குணமானது சட்டென்று நடக்கவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினேன். மருத்துவர் திட்டவில்லை, மாத்திரையின் அளவை மாற்றி, அடிக்கடி வரச் சொன்னார்.

வைத்தியம் பலித்தது. அதை ஊருக்குச் சொல்வதில்தான் சிக்கல். மனநல மருத்துவரிடம் போகிறோம் என்று அம்மா சொல்வாளா? ஆண்டாள் கோயிலுக்குப் போகிறோம் என்றாள். சொன்னதற்கு அத்தாட்சி வேண்டுமே. ஒவ்வொரு முறையும் வைத்தியம் முடிந்ததும் கோயில் வாசலில் பூவும், கடைத்தெருவில் பால்கோவாவும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவோம். தெருவில் என்னைப் பெரிய பக்தை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மார்கழி மாதம் பாசுரம் சொல்லிக்கொடுக்க வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். மிச்சமான பால்கோவாவை எல்லாம் நானே தின்றேன்.

கைத் தழும்புக்கு வேறு கதை தேவைப்பட்டது. மம்சாபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் சேலை முந்தானை விலகி, அத்தை ஒருத்தி பார்த்துவிட்டாள். அம்மா கண் இமைக்காமல் சொன்னாள்: "பக்கத்து வீட்டு நாய் கடிச்சிருச்சு மதினி. போன மாசம்."

எங்கள் ஊரில் நாயைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். உயரமும் வெள்ளையுமாக ஊர் பேரையே தன் பேராக வைத்திருக்கும் சாதி நாய்கள் தெருவுக்கு நாலு உண்டு. அடுத்த வீட்டு ரெங்கம்மாக்காவின் நாய்க்குத் துரை என்று பெயர். தெலுங்கில் பேசினால்தான் அவன் எழுந்திருப்பான். தமிழில் கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பான். கடிப்பதற்கெல்லாம் அவனுக்குச் சோம்பல். அவன் தலையில்தான் அம்மா பழியைப் போட்டாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் யார் கேட்டாலும் அதே பதில். பல வருடங்களாகத் துரை என்னைப் 'போன மாசம்' கடித்துக்கொண்டே இருந்தான்.

அம்மாவும் நானும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவள் ரோல் சுற்றுகிற பிரிவில் இருக்கிறாள், நான் கணினியில் பில் போடுகிறேன். ரெங்கம்மாக்காவும் பேக்கிங்கில் அங்கேதான். இந்த ஆனி மாதம் கம்பெனியில் இரத்த தான முகாம் என்று அறிவித்தார்கள்.

எனக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நோய் வந்ததிலிருந்து எல்லோரும் எனக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா தன் லீவையெல்லாம் கொடுத்தார், அம்மா தன் தூக்கத்தைக் கொடுத்தாள், தம்பி மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த தன் இடத்தைக் கொடுத்தான். ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூட என்னை விடமாட்டார்கள். ஒரு காலத்தில் எதற்கும் ஆகாது என்று நான் தீர்மானித்திருந்த இந்த உடம்பிலிருந்து யாருக்காவது உபயோகமாக ஒன்று போகுமா என்று தெரிய வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

என் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டேன். "நீங்க ரொம்ப நாளா நல்லா இருக்கீங்க. இந்த மாத்திரை தடையில்ல. முகாம் டாக்டர்தான் முடிவு பண்ணணும், அவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க. இதுக்காக மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது எளிது. உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம்.

முகாமுக்கு வந்த பெண் டாக்டர் இளவயதுக்காரர். தனியாகப் பேச மறைப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் சூப்பர்வைசர் குறுக்கே கயிறு கட்டி, பேண்டேஜ் துணியைத் தொங்கவிட்டார். அதுவும் இருப்பதிலேயே மெல்லிய ஏற்றுமதி ரகம். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுகூட வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

நான் வரிசையில் நிற்பதை அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏட்டி, நீ எதுக்கு இங்க நிக்க? கையக் காட்டச் சொல்லுவாகட்டி."

"காட்டுதேன்."

"நாலு பேரு பாக்க மாட்டாகளா? போ, போயி பில்லைப் போடு."

நான் நகரவில்லை. "அப்ப நானும் கூட வாரேன்" என்று பின்னாலேயே நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் ரெங்கம்மாக்கா.

எடை பார்த்தார்கள். பால்கோவா புண்ணியத்தில் அதில் தாராளமாகத் தேறினேன். விரலில் குத்தி ஹீமோகுளோபின் (இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகும் சிவப்புப் பொருள்) பார்த்தார்கள். அதுவும் சரி. டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். மடித்தேன்.

"இது என்னம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேண்டேஜ் துணியை விலக்கிக்கொண்டு அம்மாவின் தலை உள்ளே வந்தது. "நாய் கடிச்சது டாக்டர்!"

"எப்ப?"

"போன மாசம்."

"ஊசி போட்டீங்களா?"

பொறுப்பில்லாத தாய் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே. "போடாம இருப்பமா? எல்லா ஊசியும் போட்டாச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படின்னா ஒரு வருஷத்துக்கு இவங்க இரத்தம் கொடுக்க முடியாதும்மா. வெறிநாய்க்கடி ஊசி போட்டா அதுதான் விதி."

என்னைக் காப்பாற்ற அம்மா இத்தனை வருடம் வளர்த்த பொய் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்துத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து ரெங்கம்மாக்காவின் குரல் கேட்டது.

"எந்த நாயி? எங்க துரையவா சொல்லுத? அவன் போன மாசம் பூரா கான்சாபுரத்துல எங்கண்ணன் தோப்புலல்லா கெடந்தான்!"

வரிசை முழுக்கத் துணியின் பக்கம் திரும்பியது. அம்மாவின் முகம் துணியோடு துணியாக வெளுத்துப் போயிருந்தது. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "கதவு இருக்கிற ரூம் ஒண்ணு குடுங்க சார்" என்றார்.

கதவைச் சாத்தியதும் சொன்னேன். "நாய் இல்ல டாக்டர். நான்தான்."

"சரி" என்றார். அவ்வளவுதான். 'ஐயோ' இல்லை, 'ஏன்' இல்லை. அந்த ஒரு 'சரி'க்காக அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

அப்புறம் நிதானமாகக் கேட்டார். கடைசியாக எப்போது? காயமெல்லாம் ஆறி எவ்வளவு காலம்? அப்போது தொற்று (கிருமி உடம்புக்குள் ஏறுவது) ஏதாவது வந்ததா? என்ன மாத்திரை? தூக்கம் எப்படி? இப்போது அந்த எண்ணம் வருகிறதா? வந்தால் யாரிடம் சொல்வீர்கள்? யாராவது வற்புறுத்தி இரத்தம் கொடுக்க வந்தீர்களா? எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.

கடைசியில் ஒன்று கேட்டார். "இது உங்களை நீங்களே தண்டிச்சுக்கிறதுக்காக இல்லையே?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல டாக்டர். முடிஞ்சதும் மாம்பழ ஜூஸ் தாராக."

அவர் சிரித்துவிட்டார். ஆறிய தழும்பு தடையில்லை, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலும் நிலையாக இருந்து, அன்றைக்கு நன்றாக உணர்ந்தால் எடுக்கலாம், ஊசி குத்தும் இடத்தில் மட்டும் தோல் நன்றாக இருக்க வேண்டும் என்றார். என் வலது கையைத் தேர்ந்தெடுத்தார்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் முகாம் டாக்டர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றும் சொல்லலாம். காயம் புதியதாக இருந்தால் சொல்வார், மனசு சரியில்லாத நாளாக இருந்தாலும் சொல்வார், வேறு நோய் இருந்தாலும் சொல்வார். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. மாதவிடாய், மலேரியா, பச்சை குத்தியது என்று எத்தனையோ காரணத்துக்கு எங்கள் கம்பெனியிலேயே பலரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் அப்போதே ஜூஸ் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ரெங்கம்மாக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். அவருக்கு ஊசியைவிட வேறு கவலை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏட்டி, நான் ஒரு கூறுகெட்டவ. யோசிக்காம கத்திட்டேன். இனிமே யாரு கேட்டாலும் துரைதான் கடிச்சான்னு நானே சொல்லுதேன். அவன் என்ன, கோர்ட்டுக்கா போகப் போறான்?"

"வேண்டாம்க்கா. துரை கடிக்கல. நானே செஞ்சுகிட்டது. முன்னாடி. இப்ப இல்ல."

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். "இம்புட்டு வருஷமா ஒரே செவுருதானட்டி நமக்கு நடுவுல. ஒரு தட்டு தட்டியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

வந்திருப்பார். நோயில் கிடந்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. அதை நினைக்க இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இரத்தம் பையில் இறங்குவதைப் பார்க்க வேண்டாம் என்றால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார். முதலில் கூரையைத்தான் பார்த்தேன். பிறகு பார்த்தேன். குழாய் என் கையில் பட்டபோது சூடாக இருந்தது. அது என் சூடு. பழைய பயம் எதுவும் எழவில்லை. சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

முடிந்ததும் ஊசி இடத்தில் பஞ்சு வைத்துப் பட்டை ஒட்டினார்கள். ஜூஸ் குடிக்கிற இடத்தில் ரோல் பிரிவுப் பெண்கள் என் கையைச் சூழ்ந்துகொண்டார்கள். இடது கையை யாரும் பார்க்கவில்லை. வலது கையில் ஒட்டியிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நம்ம கம்பெனி சரக்கு இல்லை என்று கொதித்துப்போனார்கள். ஒருத்தி சூப்பர்வைசரிடம் புகார் சொல்லவே கிளம்பிவிட்டாள்.

அம்மா தள்ளி நின்றுகொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்புட்டையும் சொல்லிட்டியா?" என்றாள். சொன்னேன் என்றேன். "அந்தம்மா என்ன சொன்னாக?" "சரின்னாக." அம்மா என் ஜூஸ் டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்தாள்.

டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். "நல்லபடியா முடிஞ்சது. பொம்பளைங்களுக்கு நாலு மாசம் இடைவெளி. நாலு மாசம் கழிச்சு மறுபடி கொடுக்கலாம், வாங்க."

நான் நோயில் கிடந்த வருடங்களில் அம்மா என்னிடம் அடுத்த மாதம் என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். தீபாவளிக்கு என்ன சேலை வேண்டும் என்று கேட்கமாட்டாள், அதற்குள் நான் என்ன செய்துவிடுவேனோ என்று பயம். நாளைக்கு என்ன குழம்பு என்பதுதான் அவள் என்னோடு போன அதிகபட்ச தூரம். நானும் அதைத் தாண்டி யோசித்ததில்லை. இப்போது ஒரு டாக்டர் போகிற போக்கில் நாலு மாதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் இருப்பேன், இரத்தமும் ஊறியிருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அம்மா விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். முகத்தைச் சுளித்தாள்.

"நாலு மாசம்னா ஐப்பசில்லா வருது. தீபாவளி நேரம், முறுக்குச் சுடவே இவ எனக்கு வேணும். தீபாவளி முடிஞ்ச பொறவு வருவா டாக்டர், எழுதிக்கோங்க."