பானையும் மூடியும்

மாத்தோ குரோஷியர். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கோய்கோ செர்பியர். ப்ளம் சாராயம் காய்ச்சும் செப்புப் பானையை அவர்களுடைய அப்பாக்கள் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். யாரும் தனியாகக் காய்ச்சிவிடக் கூடாது என்று பானை மாத்தோ வீட்டிலும் மூடி கோய்கோ வீட்டிலும் இருந்தன. இலையுதிர்காலம் வந்தால் இரண்டையும் பொருத்தி, இடுக்கை மாவால் அடைத்து, அடுப்பருகே உட்கார்ந்துகொள்வார்கள். இறங்குவது செர்பியச் சாராயமா குரோஷியச் சாராயமா என்று சண்டை நடக்கும். தெருக்காரர்கள் நாங்கள் அதைக் கேட்கவே போவோம்.

குரோஷியர்களுக்கும் செர்பியர்களுக்கும் போர் மூண்டபோது கோய்கோ குடும்பத்தோடு டிராக்டரில் எல்லை தாண்டிச் செர்பியாவுக்குப் போனார். மூடியும் போயிற்று. மாத்தோவின் ப்ளம் பழங்கள் மரத்தடியிலேயே அழுகின.

"அவன் இனி வரமாட்டான். புது மூடி வாங்குய்யா" என்றோம்.

"வேற மூடி பொருந்தாது" என்பார்.

சில வருடங்கள் கழித்து, ஒரு செப்டம்பரில், கோய்கோ வேலியருகே வந்து நின்றார். கையில் போர்வை சுற்றிய மூடி.

"டேய் மாத்தோ, செர்பிய மூடி வந்திருக்கு. உங்க குரோஷியப் பானை இருக்கா, இல்ல வித்துக் குடிச்சிட்டியா?"

மாத்தோ கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியை நோக்கி நடந்தார். எங்களுக்குப் பயமாக இருந்தது.

"இருக்கு. கரி அப்பிக் கிடக்கு. வந்து தேய்டா."

பழம் புளித்ததும் பொருத்திப் பார்த்தார்கள். மூடியின் விளிம்பு டிராக்டர் பயணத்தில் எங்கோ நசுங்கியிருந்தது. சரியாக உட்காரவில்லை. மாத்தோ உள்ளே போய் இன்னும் கொஞ்சம் மாவு பிசைந்து எடுத்துவந்தார்.